யாருக்குக் கொழுப்பு?

அடுத்தவர் தட்டை எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். கடைசியில் எட்டிப் பார்ப்பதே எனக்குப் பிழைப்பாகிவிட்டது.

திருப்பதியில் ஓர் இதய நோய் மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். டாக்டரம்மா மாத்திரை எழுதி முடித்ததும், "பக்கத்து ரூம்ல மேடத்தைப் பார்த்துட்டுப் போங்க" என்பார். அந்த மேடம் நான்தான். என் மேஜை மேல் ரப்பரில் செய்த இட்லி, ரப்பர் தோசை, ஒரு கிண்ணம் ரப்பர் சோறு எல்லாம் இருக்கும். அளவு காட்டுவதற்காக. டாக்டர் கொடுத்த சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் பத்திரப்படுத்துகிறவர்கள், நான் கொடுக்கும் டயட் ஷீட்டை என்ன செய்கிறார்கள் என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியாமல் இருந்தது. ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் உப்புப் போட்ட வேர்க்கடலை வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே என் கையெழுத்து: "உப்பு கூடவே கூடாது."

வாரத்தில் ஒருநாள் வேனில் மருத்துவ முகாம் போவோம். சத்தியவேடு, வரதய்யபாளையம், பாலசமுத்திரம், சில சமயம் தடா வரைக்கும், எல்லாம் ஆந்திராவில் தமிழ் பேசுகிற எல்லையோர ஊர்கள். நான் நகரி பக்கத்துப் பெண். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. அதனால் டாக்டரம்மா தெலுங்கில் சொல்வதை நான் தமிழில் சொல்வேன். கேட்டவர்கள் வீட்டுக்குப் போய் அவரவர் இஷ்டப்படி செய்துகொள்வார்கள். உங்கள் வீட்டில் யாரிடமாவது "உப்பைக் குறை" என்று சொல்லிப் பார்த்திருந்தால் நீங்கள் என் கட்சி. சொல்லக் கேட்டிருந்தால் எதிர்க்கட்சி. இரண்டு கட்சிக்கும் பொதுவாகச் சிலவற்றை எழுதி வைக்கிறேன்.

தனிக் கட்டம்

பாலசமுத்திரம் முகாமுக்கு முனிரத்தினம் என்பவர் வந்தார். மாந்தோப்புக்காரர். ஐம்பதைத் தாண்டிய வயது. அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ், கருவியில் கோளாறு என்று நினைத்து இன்னொரு கருவியை எடுத்துவந்து மறுபடி பார்த்தார். அதுவும் அதையே சொன்னது. என்னிடம் அனுப்பினார்கள். காலையில் கண் விழித்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். கோர்ட்டில் சாட்சி சொல்கிறவர் மாதிரி நிதானமாகச் சொன்னார். காலையில் கேழ்வரகுக் கூழ். மதியம் சோறு, பப்பு என்கிற பருப்பு, ஒரு காய். ராத்திரி இரண்டு தோசை. அப்பளம் எப்போதாவது. கருவாடு மாதத்துக்கு ஒருநாள். ஊறுகாய் கிடையவே கிடையாது.

இப்படிச் சாப்பிடுகிற மனிதருக்கு இவ்வளவு அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குக் குழப்பம். பரம்பரையாக இருக்குமோ என்று குறித்துக்கொள்ளப் போனேன். அதுவரைக்கும் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி, "மாசத்துக்கு ஒரு ஜாடி ஆவக்கா ஊறுகா தீந்து போவுது மேடம். யாரு துன்றாங்கன்னு எனக்குந்தான் தெரியல" என்றார். நான் முனிரத்தினத்தின் பக்கம் திரும்பினேன். மாட்டிக்கொண்ட முகம் இல்லை அது. இவ்வளவு படித்த பெண்ணுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற இரக்கம்தான் இருந்தது. என் படிவத்தில் "சாப்பிட்டவை" என்பதற்குக் கீழே "தொட்டுக்கொண்டவை" என்று தனிக் கட்டம் ஒன்று இருக்கிறது. அதற்குக் காரணம் அவர் அன்றைக்குச் சொன்ன பதில்:

"ஊறுகாய யாருனா துன்னுவாங்களா மேடம்? அது தொட்டுக்கிறது."

கடைசிப் பந்தி

எங்கள் டாக்டரம்மா ஏதோ மருத்துவ மாநாட்டுக்குப் போய்விட்டு, குடல் நுண்ணுயிர்களைப் பற்றி ஒரே உற்சாகமாகத் திரும்பி வந்தார். "இனிமே எல்லா பேஷண்டுக்கும் இதைச் சொல்லணும்" என்று உத்தரவு. முதலில் சிக்கியவர் வரதய்யபாளையம் சரோஜா அக்கா. வயல் வேலைக்குப் போகிறவர். ஒன்பது பேர் இருக்கிற வீட்டில் ஒற்றை ஆளாகச் சமைக்கிறவர். குடலுக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்று ஆரம்பித்தேன். "புழுவா? போன மாசம்தானே மாத்தர போட்டேன்" என்று பதறினார். புழு இல்லை, கண்ணுக்கே தெரியாதவை, நிறைய நல்லவை என்று சமாதானம் செய்தேன். கீரை, காய், பயறு, கேழ்வரகு இவற்றில் இருக்கிற நார் நமக்குச் செரிக்காது. அது கீழே இறங்கும். அதைத் தின்று அவை செய்து கொடுக்கிற சரக்கு ரத்தக் குழாய்க்கு நல்லது. தினமும் ஆட்டுக்கறியாகவே தின்றால் வேறு ரகங்கள் பெருகும். அவை செய்கிற சரக்கு கல்லீரல் வழியாகப் போய் ரத்தக் குழாயைக் கெடுக்கலாம் என்று சந்தேகப்படுகிறார்கள், இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றேன்.

"அப்போ நம்ம துன்னு மிஞ்சினதுதான் அதுங்களுக்கு. கடைசிப் பந்தி" என்றார். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. கல்லூரியில் எங்களுக்கு இதை அரை நாள் நடத்தினார்கள். அந்தத் தைரியத்தில், "அதனால தினமும் ஒரு கீரை, ஒரு சுண்டல் கூடுதலா செய்யுங்கக்கா" என்றேன். சரோஜா அக்கா கணக்கு எடுத்தார். மாமியாருக்கு உப்பில்லாமல், வீட்டுக்காரருக்கு மீனோடு, பெரியவனுக்குக் காரமில்லாமல் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்து, சுண்டு விரலில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"வூட்ல இருக்கறதுங்களுக்கெல்லாம் நாந்தான் ஆக்கிப் போடறேன். வயித்துக்குள்ள இருக்கறதுங்களுக்கும் நானேதான் ஆக்கணுமா?"

மலையிலிருந்து வருவது

வெங்கடேசலு ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். மாதத்துக்கு இரண்டு தரமாவது மலை ஏறிவிடுவார். இனிப்பைத் தொட்டே பல வருஷம் ஆகிறது என்றார். அவர் ரத்தம் அப்படிச் சொல்லவில்லை. கூட வந்த மருமகள், "ஃப்ரிட்ஜ்ல மேல் தட்டு முழுக்க லட்டுதான் மேடம்" என்று மெதுவாகப் போட்டுக் கொடுத்தாள். கேட்டதற்கு, அது இனிப்பு இல்லை, பிரசாதம் என்றார்.

நெய்யும் சர்க்கரையும் முந்திரியும் எங்கிருந்து வந்தாலும் உடம்புக்கு ஒன்றுதான் என்று நான் விளக்கினேன். அவர் எழுந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, ஜன்னல் வழியாகத் தெரிந்த மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். என் சார்பாக மன்னிப்புக் கேட்டாராம். பிறகு மறுபடியும் உட்கார்ந்து சொன்னார்:

"சாமி குடுக்கறதுல ஏது மேடம் கொழுப்பு? கொழுப்பெல்லாம் மனுசனுக்குத்தான்."

கூரியரில் போனது

நகரியில் விசைத்தறி ஓட்டுகிற சுப்பிரமணி, மகன் தினேஷோடு வந்தார். தினேஷ் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன். கையில் வழவழ தாளில் நாற்பது பக்க ரிப்போர்ட். அவன் குடலில் என்னென்ன கிருமிகள் எத்தனை இருக்கின்றன என்று வண்ண வண்ணமாக வட்டம் போட்டிருந்தது. இதற்கு மல மாதிரியை டப்பியில் அடைத்துக் கூரியரில் அனுப்ப வேண்டுமாம். சுப்பிரமணிக்கு அந்த ஆத்திரம் தீரவே இல்லை. "நம்ம வூட்லருந்து கூரியர்ல அனுப்பறதுக்கு வேற பொருளே கெடைக்கலியா மேடம்? வந்தவன் இன்னா இதுன்னு கேட்டா இன்னான்னு சொல்றது?" டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பொறுமையாகப் புரட்டினார். இந்த ஆராய்ச்சி வளர்ந்துகொண்டிருக்கிறது, ஆனால் இந்த வட்டங்களைப் பார்த்து நான் மருந்து எழுத முடியாது, காய்கறி சாப்பிடு, நட, தூங்கு என்றார்.

சுப்பிரமணி ஜெயித்துவிட்டார். "நான் பயய சோறு துன்றேன், மோரு குடிக்கறேன். எனக்கு எந்த ரிப்போர்ட்டாவது இருக்குதா?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். உண்மையைச் சொன்னால் நானும் தலையாட்டினேன். பழைய சோறு என்றால் எங்கள் உணவு ஆலோசகர் கூட்டத்துக்கும் ஒரு பெருமிதம் உண்டு. வந்தது வந்தீர்கள், உங்களுக்கும் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று உட்கார வைத்தோம். மகனுக்கு எல்லாம் ஒழுங்காக இருந்தது. அப்பாவுக்கு அழுத்தமும் கொழுப்பும் இரண்டுமே ஏறிக் கிடந்தன. பழைய சோற்றின் மேல் குற்றமில்லை. அதற்குத் துணையாகப் போன வறுத்த மோர்மிளகாய், பொரித்த கருவாடு, தறி ஓட்டத்துக்கு நடுவில் பற்றவைத்த பீடி, இவற்றை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டாக்டரம்மா அப்பாவுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெளியே போகும்போது சுப்பிரமணி மகனிடம் தாழ்ந்த குரலில் கேட்டது என் காதில் விழுந்தது.

"டேய், அந்த கூரியர்காரன் திரும்பி எப்போ வருவான்?"

மூணு பங்கு

வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே மூன்று அண்ணன் தம்பிகள். அவர்களுடைய அப்பா நாற்பத்தைந்து வயதில் கிணற்றடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மூத்த மகன் அந்த வயதுகூட ஆகாமல் டிராக்டர் மேலேயே சாய்ந்துவிட்டார். இரண்டாமவர் செல்வராஜுக்கு மாரடைப்பு வந்து, நல்லவேளையாக எங்கள் மருத்துவமனைக்கு நேரத்தில் வந்து பிழைத்தார். அவர் வீட்டுக்குக் கிளம்பிய அன்று டாக்டரம்மா, "இது உங்க குடும்பத்துல ஓடுற மாதிரி இருக்கு. மிச்சம் இருக்கிற தம்பி கண்டிப்பா ரத்தம் பார்க்கணும்" என்றார். துரத்திப் பிடிக்கிற வேலை என்னுடையது.

அந்தத் தம்பி கஜேந்திரன். தனியார் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். முப்பத்தாறு வயது, ஒட்டின வயிறு. கறி இல்லை, முட்டை இல்லை, டீகூட இல்லை. முதல் தடவை போன் செய்தபோது, "ஓடிக்கினு இருக்கேன் மேடம்" என்றார். சாக்கு என்று நினைத்தேன். மூச்சிரைப்பு கேட்டது. நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை, "எங்க அண்ணன் துன்னாரு, வந்துச்சு. நான் எதுக்கு வரணும்?" என்று கேட்டார். மூன்றாவது தடவை எடுக்கவில்லை. நாலாவது தடவை அவர் மனைவி கல்பனா எடுத்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பொண்ணுக்கும் வருமா மேடம்?" அடுத்த முகாமுக்கு அவரே கஜேந்திரனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

எடை பார்ப்பதற்காக ஷூவைக் கழற்றினார். குதிகாலுக்கு மேலே, பின்பக்கத்து நரம்பில், இரண்டு காலிலும் முண்டு முண்டாகத் தடித்திருந்தது. ஓடுகிற கால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து நான் எடையை எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கமாகப் போன டாக்டரம்மா நின்றார். தரையில் குந்தி உட்கார்ந்து அந்த முண்டுகளை விரலால் அழுத்திப் பார்த்தார். "எத்தனை வருஷமா இருக்கு?" "பத்துப் பதினஞ்சு வருசமா இக்கிது மேடம். ஷூ கடிச்சது."  அது ஷூ கடித்தது இல்லை, தேங்கின கொழுப்பு. மறுநாள் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த எங்கள் லேப்காரர், தவறாக இருக்கும் என்று இரண்டாவது தடவை பார்த்தார். தவறு இல்லை.

ரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பைக் கல்லீரல் உள்ளே வாங்கிக்கொள்ள வாசல்கள் உண்டு, சில குடும்பங்களில் பிறவியிலேயே அந்த வாசல்கள் குறைவு, எவ்வளவு பத்தியம் இருந்தாலும் அது மட்டும் போதாது, மாத்திரை வேண்டும் என்று விளக்கினோம். கஜேந்திரனுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். "இருபது வருசம் மேடம்! கல்யாண வூட்ல ஊரே பிரியாணி துன்னும்போது நான் கேரட்டக் கடிச்சிக்கினு ஒக்காந்துக்கினு இருந்தேன்!"  அந்த கேரட்டும் ஓட்டமும் இல்லாவிட்டால் நீங்கள் அண்ணனுக்கு முன்னாலேயே எங்களிடம் வந்திருக்கலாம் என்று டாக்டரம்மாதான் சொன்னார். அதை அவர் நம்பினாரா என்று தெரியாது.

ஒன்பது வயது மகளுக்கும் பார்த்தோம். அவளுக்கும் இருந்தது. கல்பனா வெளியே வராந்தாவில் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மருந்து எந்த வயதில் ஆரம்பிக்க வேண்டும், அதுவரை என்ன சமைக்க வேண்டும் என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். இவ்வளவு சின்ன வயதில் தெரிந்தது அதிர்ஷ்டம், தாத்தாவுக்கும் பெரியப்பாவுக்கும் கிடைக்காதது இது என்று டாக்டரம்மா சொன்னார். அது உண்மையும்கூட. மூன்று வருஷமாகிறது. அப்பா மாத்திரை போட்டுக்கொண்டு இன்னும் ஓடுகிறார். மகளும் கூடவே ஓடுகிறாள். ஆனால் அன்றைக்கு, மகளின் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே கஜேந்திரன் சொன்னார்:

"நெலத்த நைனா மூணு பங்கு வெச்சாரு மேடம். இத மட்டும் பங்கே வெக்காம ஆளுக்கு முழுசா குடுத்துட்டுப் போயிட்டாரு."

அண்ணனின் கண்டுபிடிப்பு

தம்பியின் ரிப்போர்ட்டால் குடும்பத்தில் ஒரே ஒருவருக்குத்தான் நிம்மதி கிடைத்தது. அது அண்ணன் செல்வராஜ். மாரடைப்பு வந்த நாளிலிருந்து ஊரில் ஆளாளுக்கு அவரிடம், "கறி கறின்னு அலஞ்ச இல்ல, அனுபவி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். பரம்பரை கொடுப்பது ஒரு பங்கு, அதன் மேல் நாமாகச் சேர்ப்பது இன்னொரு பங்கு, இரண்டும் சேர்ந்தால் சீக்கிரம் வரும் என்று நான் தமிழில் சொன்னேன், டாக்டரம்மா தெலுங்கில் சொன்னார். இரண்டு மொழியையும் சமமாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை. தம்பி தினமும் காலையில் ஓடிக்கொண்டே போன் போட்டு, "போட்டியா?" என்று கேட்கிறார். இவர் "போட்டேன்" என்று சொல்லும் வரைக்கும் வைப்பதில்லை. கறிதான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மெதுவாகப் புதன்கிழமைக்கும் பரவியிருந்தது. அதை நான் சுட்டிக்காட்டியபோது கிடைத்த பதில்:

"துன்னாம இருந்தவனுக்கும் வந்துச்சு இல்ல? அப்போ துன்னதாலதான் வந்துச்சுன்னு இனிமே நீங்க என்னச் சொல்லக் கூடாது."

இரண்டாவது போண்டா

நான் ஏதோ கீரையைத் தின்று காற்றைக் குடித்து வாழ்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டிபன் கடையில் சாயங்கால நேரத்தில் மைசூர் போண்டா போடுவார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. முகாம் முடிந்து வந்த ஒருநாள் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து முதல் போண்டாவை முடித்துவிட்டு, இரண்டாவதைச் சட்னியில் அமுக்கினேன். "மேடம்!" என்று குரல். சித்தூரில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருக்கிற ராஜம்மா. எண்ணெய்ப் பண்டம் எதையும் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்று போன வாரம்தான் அவருக்கு ஷீட் எழுதிக் கொடுத்திருந்தேன்.

போண்டாவை ஒளிக்க இடமில்லை. வாயில் இருந்ததால் பேசவும் முடியவில்லை. ராஜம்மா டீச்சர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். என் தட்டைப் பார்த்தார். அடுத்தவர் தட்டைப் பார்ப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. ஏதாவது பாடம் எடுப்பார் என்று காத்திருந்தேன். அவரோ பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "எனக்கும் ரெண்டு" என்று சொல்லிவிட்டு, மனசார என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க இங்க இருக்கறது எனக்கு எவ்ளோ தைரியமா இருக்குது தெரியுமா மேடம்!"

யார் பேரில் சீட்டு

புத்தூர் பக்கத்தில் உரக்கடை வைத்திருக்கிற தேவராஜ், ஒரு கல்யாண விருந்து முடிந்த கையோடு நெஞ்சு அடைக்கிறது என்று வந்து சேர்ந்தார். ஆட்டோவில் அவரைப் படுக்க வைத்து, இரண்டு மச்சான்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மனைவி கஸ்தூரி டிரைவர் சீட் ஓரத்தில் தொற்றிக்கொண்டு, பை, குடை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். தேவராஜ் பேரில் சீட்டுப் போட்டு ஈசிஜி எடுத்தோம், ரத்தம் பார்த்தோம், சில மணி நேரம் வைத்திருந்து மறுபடியும் பார்த்தோம். ஒன்றும் இல்லை. கேஸ் ட்ரபுள். நடுவில் அவர் விட்ட ஓர் ஏப்பத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. மச்சான்கள் டீ குடிக்கப் போனார்கள். டாக்டரம்மா தேவராஜை அறிவுரைக்காக என்னிடம் அனுப்பினார்.

அவர் விருந்தில் என்னென்ன பரிமாறினார்கள் என்று ரசித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கஸ்தூரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவர் மட்டும் முந்தானையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து எடுத்தார். ஒரு கை அடிக்கடி தாடைக்குப் போனது. "என்னக்கா செய்யுது?" என்றேன். "ஒண்ணும் இல்ல மேடம். நாலு நாளா நெஞ்சு எரியுது. தாடை நோவுது, பல்லா இருக்கும். வூட்ல மாடி ஏறினா நடுவுல நின்னு நின்னு போறேன்." தேவராஜ் குறுக்கே வந்தார். "அவளுக்கும் கேஸுதான் மேடம். சோடா வாங்கிக் குடுத்தேன். அவளுக்கு ஹார்ட்டுல இன்னா வரப்போவுது? அவ ஒயுங்கா துன்றதே இல்லியே."

நோய் கண்டுபிடிப்பது என் வேலை இல்லை. ஆனாலும் எழுந்து போய்ச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். எனக்கெதுக்கு, அவரை உட்கார வையுங்கள் என்று கஸ்தூரி மறுத்தார். கிட்டத்தட்ட வலுக்கட்டாயமாகத்தான் உட்கார வைத்தோம். ஈசிஜி தாள் மெஷினிலிருந்து முழுவதும் வெளியே வருவதற்குள் டாக்டரம்மா எழுந்துவிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் கஸ்தூரிக்கு அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். அவ்வளவு நேரமும் தேவராஜ் வராந்தாவில் மனைவியின் பையையும் குடையையும் தண்ணீர் பாட்டிலையும் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏப்பம் வரவில்லை. நான் பக்கத்தில் போனபோது, "நாலு நாளா சொல்லிக்கினு இருந்தா மேடம்" என்றார்.  

கஸ்தூரி பிழைத்துக்கொண்டார். இப்போது மாதா மாதம் வருகிறார். தேவராஜ்தான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறார். ஆனால் அன்றைக்குக் கஸ்தூரியை அவசரமாக உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, வியர்வையில் நனைந்த கையால் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். பிள்ளைகளைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறார் என்று குனிந்தேன். அவர் கேட்டது இதுதான்:

"சீட்டு அவரு பேருலதான் போட்டுக்கீது மேடம். பரவால்லியா?"

இத்தனை வருஷத்தில் நான் கண்டது: இதயம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் சரியாகத் தங்கள் நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறார்கள், அதைக் கெடுத்தது தட்டா, பரம்பரையா, குடலா என்று கேட்டால் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் காட்டுகிறார்கள்.